வேப்பந்துண்டில் குத்திய ஆறு கொடிகள்

2019 ஜனவரியில், நாகூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் அறிவியல் கண்காட்சியில், ஒரு வேப்பமரத் துண்டின்மேல் ஆறு காகிதக் கொடிகளைக் குண்டூசியால் குத்தி வைத்தேன். ஒவ்வொரு கொடியிலும் ஓர் ஆண்டு எழுதியிருந்தது. ஆறும் பொய். 'தவறு' என்று எழுதத்தான் முதலில் கை போனது, அடித்துவிட்டேன். குத்தும்போதே எனக்குத் தெரியும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து போய்ப் பார்த்தபோது பள்ளி முற்றத்து வேம்பு வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் அடியில் பதித்திருந்த '1972 வனமகோத்சவம்' என்ற சிறு கல்லும் வேரோடு பெயர்ந்து வந்திருந்தது. கரண்டு இல்லாத நாட்கள் கழிந்து பள்ளி திறந்ததும், மரத்தை அறுக்க மரவாடியிலிருந்து ஆள் வந்தார். அடிமரத்தில் நான்கு விரல் கனத்துக்கு வட்டமாக ஒரு துண்டு அறுத்துத் தரச் சொன்னேன். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். "சார், கோடு கோடா இருக்கே, எண்ணிப் பாத்தா மரத்துக்கு எத்தனை வயசுன்னு தெரிஞ்சிடுமா?" என்று ஒரு பையன் கேட்டான். தெரியும் என்றேன். எந்த வருஷம் மழை பெய்தது, எந்த வருஷம் பொய்த்தது என்பதுகூடத் தெரியும் என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன்.

27 வருஷம் புவியியல் நடத்தியவன் நான். ஒரு வளையம் ஒரு வயது, அகன்ற வளையம் நல்ல மழை, ஒடுங்கிய வளையம் வறட்சி என்று வருஷம் தவறாமல் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு மரத்தையாவது அறுத்து எண்ணிப் பார்த்ததில்லை. முதல்முறையாக அப்போதுதான் உட்கார்ந்தேன். இழைப்புளி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, லென்ஸ் வைத்து, மையத்திலிருந்து வடக்குப் பக்கமாக எண்ணினேன். 38 வந்தது. கிழக்குப் பக்கம் 44. தெற்கே 51. சில கோடுகள் பாதி தூரம் வந்து மங்கி மறைந்தன. சில நடுவில் இரண்டாகப் பிரிந்தன. 1972இல் நட்ட கன்று 2018இல் விழுந்திருக்கிறது. 46 வர வேண்டும்.

இந்த மூன்று எண்களையும் ஒரு நோட்டில் குறித்தேன். அந்த நோட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "இந்த மரத்தில் வயது எண்ண முடியவில்லை, ஏன் என்று யோசியுங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்த வருஷத்தில் நான் நடத்திய பாடங்களிலேயே நல்ல பாடம் அதுவாக இருந்திருக்கும். நான் கிழக்குப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். 44 என்பது 46க்குப் பக்கத்தில் இருந்தது. இல்லாத இரண்டு கோடுகளை இருப்பதாக வைத்துக்கொண்டேன். நோட்டை வீட்டு அலமாரியில் போட்டுப் பூட்டினேன்.

அதன்பிறகு நான் மரத்தைப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் பட்டபாட்டின் பட்டியலைப் பார்த்தேன். வடகிழக்குப் பருவமழை பொய்த்த 1974. நவம்பர் 12இல் நாகப்பட்டினத்தைப் புயல் அடித்த 1977. மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் குறுவை போன 2002. கடல் ஊருக்குள் வந்த 2004. நிஷா புயலில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் கொட்டிய 2008. தமிழ்நாடு முழுவதுக்கும் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட 62 சதவீதம் குறைந்த 2016. இந்த ஆண்டுகளும் சேதங்களும் உண்மை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மரத்துக்குள் இடம் தேடினேன். வறட்சி என்றால் கிட்டத்தில் ஓர் ஒடுங்கிய கோடு, வெள்ளம் என்றால் ஓர் அகன்ற கோடு. தேடியது எப்போதும் கிடைத்தது. கிடைத்துக்கொண்டே இருந்ததுதான் என்னை நிறுத்தியிருக்க வேண்டும்.

2004க்கு ஒரு கறுப்புக் கோடு வசமாக அமைந்தது. நான்கு விரல் நீளத்துக்கு வில்போல வளைந்து, கரிய நீலத்தில், மற்ற எதிலும் இல்லாத அழுத்தத்தோடு இருந்தது. துண்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சட்டம் அடிக்க வந்த ஆசாரி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாத்தியாரே, இது வருஷக் கோடு இல்லீங்க. ஆணிக் கறை. கருவேலத்துல இரும்பு பட்டாலும் இப்படித்தான் கறுத்துப்போகும். வருஷக் கோடுன்னா சுத்தி வரணுமில்ல? இது இந்தப் பக்கத்தோட நின்னு போச்சு பாருங்க." சொல்லிவிட்டுப் பட்டைப் பக்கமிருந்து உள்ளே ஓடிய ஊசிமுனை அளவு துளையையும் காட்டினார். யாரோ எப்போதோ கொடிக்கயிறு கட்ட அடித்த ஆணி. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. படித்த எனக்கும் அது புரிந்தது. "சரி ஆசாரி, நீங்க சட்டத்தை அடிங்க" என்றேன். அவர் போன பிறகு அந்தக் கோட்டில் 2004 என்று கொடி குத்தினேன். துளையின்மேல் மெழுகு வைத்து அடைத்து, துண்டு முழுக்க வார்னிஷ் பூசினேன்.

கண்காட்சியின் மூன்றாம் நாள் மதியம் கூட்டம் குறைந்திருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தனியாக வந்து நின்றாள். பட்டினச்சேரியிலிருந்து வருகிறவள், மீன்பிடிக் குடும்பம்.

"சார், இதுதான் சுனாமியா?"

"ஆமாம்மா."

"தொட்டுப் பாக்கட்டுமா சார்?"

பெட்டியைத் திறந்துவிட்டேன். கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலை வைத்து மெதுவாக இழுத்தாள். "எங்க அண்ணன் போன வருஷம் சார் இது. நான் அப்பக் கைக்கொழந்த" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சார், மரம் உப்புத்தண்ணியத்தானே குடிச்சிருக்கும்? அப்ப இந்தக் கோட்டுக்குள்ள உப்பு இருக்குமா?" என்று கேட்டாள்.

என் வேலைக்காலம் முழுவதிலும் ஒரு மாணவர் என்னிடம் கேட்ட மிக நல்ல கேள்வி அதுதான். வளையம் வளையமாகப் பிரித்தெடுத்து அதிலுள்ள உப்பையும் உலோகத்தையும் அளந்து பார்க்கும் ஆய்வுத்துறை ஒன்று உலகத்தில் இருக்கிறது. அந்தத் துறையின் வாசலில் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை தானாக வந்து நின்றாள். "இருக்கும்மா" என்றேன். அவள் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "லேசா உப்புக் கரிக்குது சார்" என்றாள். நான் பூசிய வார்னிஷைத்தான் அவள் தொட்டிருந்தாள். நான் தலையசைத்தேன்.

ஏன் செய்தேன் என்பதையும் எழுதுகிறேன். பரிசு ஒரு காரணம், கிடைத்தது. பத்திரிகையில் படம் வந்தது. ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒருமுறையாவது ஊர் என்னைப் பற்றிப் பேச வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. நாகூர் கடைமடை. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வருகிற வெட்டாறு எங்கள் ஊரை ஒட்டித்தான் கடலில் சேர்கிறது. தண்ணீர் வராத வருஷத்தில் முதலில் காய்வதும், வெள்ளம் வந்தால் கடைசியில் வடிவதும் நாங்கள். இங்கே பட்ட கஷ்டத்துக்கு மேலே இருப்பவர்கள் சாட்சி கேட்பார்கள். மரமே சாட்சி சொல்கிறது என்று காட்ட ஆசைப்பட்டேன். உண்மையான கஷ்டத்துக்குப் பொய்ச்சாட்சி தயாரித்தேன். அகப்பட்டால் அந்தக் கஷ்டத்தையும் சேர்த்துத்தான் ஊர் சந்தேகிக்கும் என்று அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை.

ஐந்து வருஷம் யாரும் கேட்கவில்லை. 2024இல் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். 'எண்ணிப் பாத்தா தெரியுமா' என்று முதலில் கேட்ட அதே பையன். மேட்டுப்பாளையத்தில் வனவியல் படிக்கிறான். "சார், நம்ம வேப்பந்துண்டப் பத்தி வகுப்புல பேசலாம்னு இருக்கேன். நீங்க எத்தனை மரத்தோட ஒப்பிட்டு வருஷத்தை உறுதி பண்ணீங்க?" என்றான். "மழைக் கணக்கோட ஒப்பிட்டேன்ப்பா" என்றேன். அவன் ஒரு நொடி பேசாமலிருந்துவிட்டு, "சரிங்க சார்" என்றான். மறுபடி அதைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. கண்டுபிடித்துவிட்டான், என் மரியாதைக்காக விட்டுவிட்டான் என்று அந்தச் 'சரிங்க சார்' எனக்குச் சொன்னது. அன்றிரவே படிக்க ஆரம்பித்தேன். பாடம் நடத்தத் தொடங்கியபோதே படித்திருக்க வேண்டியது.

மர வளையத்தில் மழையைப் படிக்கும் கலைக்கு வழி போட்டவர் ஒரு வானியலாளர். பெயர் ஏ.இ. டக்ளஸ். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் பூமியின் மழையை மாற்றுகின்றனவா என்று தெரிந்துகொள்ள, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அரிசோனா மலைக்காட்டுப் பைன் மரங்களை அறுத்த மரவாடிகளுக்குப் போய் எண்ணத் தொடங்கினார். ஒரு மரத்தில் ஒடுங்கிய வளையங்களின் வரிசை எப்படி வருகிறதோ, பல மைல் தள்ளி நின்ற இன்னொரு மரத்திலும் அப்படியே வருவதைக் கண்டார். இரண்டு அகலம், ஓர் ஒடுக்கம், மூன்று அகலம், இரண்டு ஒடுக்கம் என்ற அந்த வரிசை விரல் ரேகை மாதிரி. வெட்டிய ஆண்டு தெரிந்த மரத்தின் வரிசையோடு தெரியாத மரத்தின் வரிசையைப் பொருத்தினால் தெரியாததன் ஆண்டும் தெரிந்துவிடும். உயிருள்ள மரத்திலிருந்து அடிக்கட்டைக்கும், அடிக்கட்டையிலிருந்து பழைய வீட்டு உத்தரத்துக்கும் இப்படிப் பின்னோக்கிப் போகலாம். 1929இல் ஷோ லோ என்ற சிற்றூரில் மண்ணுக்குள் கிடந்த கருகிய உத்தரம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. நடுவில் அறுந்து கிடந்த இரண்டு வரிசைகளை அது இணைத்தது. அந்த வட்டாரத்துப் பழங்குடிகளின் பழைய கட்டடங்களுக்கு ஒரே வருஷத்தில் தேதி கிடைத்தது.

இதில் என்னை உட்கார்த்தி வைத்த விஷயம், எண்ணுவது கடைசி வேலை என்பது. பொருத்துவதுதான் முதல் வேலை. ஒரு மரத்தின் பேச்சை யாரும் நம்புவதில்லை. ஒரே சரிவில் இருபது, முப்பது மரங்களில், துளைப்பானைத் திருகி உள்ளே செலுத்தி, பென்சிலைவிட மெலிந்த குச்சிகளை மரத்துக்கு ஒன்றோ இரண்டோ எடுக்கிறார்கள். மரம் சாவதில்லை. ஒரு மரத்தில் ஒரு வருஷ வளையம் உருவாகாமலே போயிருக்கலாம். இன்னொன்றில் நடுவருஷத்தில் வந்த வறட்சியால் ஒரே வருஷத்தில் இரண்டு தோன்றியிருக்கலாம். மற்ற மரங்களோடு பொருத்தும்போது அந்தப் பிசகு வெளியே வந்துவிடும். இளமையில் வளையம் அகலமாகவும் வயதானால் ஒடுங்கியும் வருவது மரத்தின் இயல்பு. அந்த வயதுச் சரிவைக் கணக்குப் போட்டுக் கழித்த பிறகுதான் மிச்சமிருப்பதில் மழையைத் தேடுகிறார்கள். அதையும் மழைமானி இருந்த காலத்துக் கணக்கோடு சோதித்துப் பார்த்துத் தேறினால்தான் மழைமானி இல்லாத காலத்துக்குப் போகிறார்கள். நான் எடுத்தது ஒரு மரம், ஒரு பக்கம். சோதித்தது என் ஞாபகத்தோடு.

அப்புறம், எல்லா மரத்துக்கும் இந்தப் பேச்சு வராது. ஊசியிலை மரங்கள் பெயர்பெற்றதற்குக் காரணம் இருக்கிறது. இமயத்தின் தேவதாருவையோ பைனையோ எடுத்துக்கொண்டால், வசந்தத்தில் வளரத் தொடங்கும்போது அகன்ற, மெல்லிய சுவருள்ள செல்களை இடுகிறது. அது வெளிறித் தெரியும். பருவம் முடியும்போது தடித்த சுவருள்ள சிறிய செல்கள். அது கறுத்துத் தெரியும். பிறகு பனிக்காலத்தில் வேலை நின்றுபோகும். அடுத்த வசந்தத்தின் வெளிறிய செல் அந்தக் கறுத்த விளிம்பின்மேல் கத்தியால் கீறியதுபோல ஆரம்பிக்கும். வருஷத்துக்கு ஒரு தூக்கம், ஒரு விழிப்பு, ஒரு கோடு. மண் மெலிந்த பாறைச் சரிவில் நிற்கும் மரத்துக்கு வேறு தண்ணீர் கிடையாது, வானம் கொடுத்ததுதான். ஆகவே மழை குறைந்தால் கோடு ஒடுங்கும். அதே மலையில் இன்னும் மேலே, மரங்கள் முடியும் குளிர் எல்லைக்குப் போனால், மழையைவிட வெயிலின் சூடுதான் வளையத்தைத் தீர்மானிக்கிறது. எங்கே நிற்கிற மரம் என்று தெரியாமல் அது எதைச் சொல்கிறது என்று சொல்ல முடியாது.

லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த ஜெயேந்திர சிங், ஆர்.ஆர். யாதவ் இருவரும் கின்னோர் பகுதியின் தேவதாருவையும் சில்கோசாப் பைனையும் வைத்துச் சட்லெஜ் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடியது என்று ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்குக் கணித்திருக்கிறார்கள், 2013இல் வந்தது. இதைப் படித்தபோது நெடுநேரம் காவிரியை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மரங்களிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மேற்கு இமயத்தின் வறண்ட சரிவுகளில் நிற்கும் தேவதாரு பெரிதும் சொல்வது வசந்தகால மழையை; ஜூனில் வரும் பருவமழையை அல்ல. அது வளரும் நேரத்து ஈரத்தைத்தான் அது அறியும். அதை மீறி எதையும் அதன் வாயில் திணிக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்த அடக்கத்தைப் படிக்கும்போது எனக்குக் கூசியது.

தென்னிந்திய மலைகளில் இயற்கையாக வளரும் ஊசியிலை இனம் ஒன்றே ஒன்றுதான். போடோகார்ப்பஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நாம் பார்க்கும் பைன் காடுகள் நட்டவை. நம் பக்கத்தில் மழையைச் சொல்ல வல்லது தேக்கு. கோடையில் இலை முழுவதும் உதிர்த்து நின்று, மழை வந்ததும் பெரிய பெரிய துளைகளுள்ள கட்டையோடு வளரத் தொடங்குவதால் அதன் கோடு தெளிவாக இருக்கும். ஜாவாவின் தேக்கில் 1514 முதல் 1929 வரையிலான வரிசையை பெர்லாகே என்பவர் 1931இலேயே வெளியிட்டிருந்தார். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் எச்.பி. போர்காவ்கர் குழுவினர் கேரளத்தில் மூன்று இடங்களின் தேக்கை வைத்து 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளுக்கு வரிசை அமைத்து 2010இல் வெளியிட்டார்கள். எங்கள் ஊர் தர்காவில் அடங்கியிருக்கும் நாகூர் எஜமான் இந்த ஊருக்கு வந்து தங்குவதற்கு முன்பிருந்தே தொடங்குகிற கணக்கு அது. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் பருவமழை குறைந்து தேக்கின் வளையம் ஒடுங்கியிருப்பதை அதில் காட்டினார்கள்.

2010இலேயே எட்வர்ட் குக்கும் மற்றவர்களும் ஆசியா முழுவதும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட மர வரிசைகளைச் சேர்த்து, கி.பி. 1300க்குப் பிந்தைய பருவமழை வறட்சிகளின் வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அதிலுள்ள பெரிய வறட்சிகளில் ஒன்று 1756 முதல் 1768 வரை. எங்கள் தர்காவின் 131 அடிப் பெரிய மினாராவை எழுப்பிய தஞ்சை மன்னர் பிரதாப சிங் ஆண்டது 1739 முதல் 1763 வரை. இன்னொன்று 1876–78, நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிச் சொல்லி நடுங்கியது. வியட்நாம் மலைக்காட்டில் நிற்கும் போ மு என்ற ஊசியிலை மரத்தை ஆராய்ந்த பிரெண்டன் பக்லி குழுவினர், 14ஆம் நூற்றாண்டின் நடுவிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீண்ட வறட்சிகளும் இடையிடையே கடும் மழையும் வந்ததைக் கண்டார்கள். கால்வாயும் ஏரியும் வெட்டி நெல் விளைத்த அங்கோர் நகரம் தளர்ந்த காலம் அது. நெல்லையும் வாய்க்காலையும் நம்பி வாழும் எவருக்கும் அந்தச் செய்தி நெஞ்சில் தைக்கும். இவ்வளவு பெரிய உண்மை கையெட்டும் தூரத்தில் இருந்தது. பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்லாமல், மெழுகு வைத்து அடைத்த ஆணித்துளையைக் காட்டினேன்.

எங்கள் வேம்பு ஏன் பேசவில்லை என்பதும் இப்போது புரிகிறது. டெல்டாவில் நிற்கிற மரத்துக்குச் சில அடி ஆழத்திலேயே தண்ணீர். நாகூரில் மழை பெய்யாவிட்டாலும் குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்து, காவிரி வந்து, வெட்டாறும் வாய்க்கால்களும் ஓடினால் அதன் வேர் நனையும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் நம் சொந்த மழை. ஒரே வருஷத்தில் இரண்டு முறை வளர்ச்சி எழும்பினாலும் வியப்பில்லை. கடும் பனி இல்லை. முழுத் தூக்கம் இல்லை. மாசி, பங்குனியில் பழைய இலை உதிரும்போதே புதுத்தளிர் வந்துவிடுகிறது. 38, 44, 51 என்று மூன்று பக்கமும் மூன்று எண் சொன்னபோது, மரம் தன்னால் சொல்ல முடிந்த ஒரே உண்மையைச் சொல்லியிருக்கிறது: என்னிடம் வருஷக்கணக்கு இல்லை. அதைத்தான் நான் அலமாரியில் பூட்டினேன்.

படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து எங்கள் வீட்டு முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். என் பாட்டனார் ரங்கூனில் கடை வைத்திருந்தவர். அங்கிருந்து கப்பலில் வந்த பர்மாத் தேக்கு அந்தத் தூண். வீடே அந்தத் தூணை நம்பி நிற்கிறது. டார்ச் அடித்து, தூண் கல்லில் உட்காரும் இடத்தில் வெளியே தெரிந்த குறுக்குவெட்டைப் பார்த்தேன். கோடுகள் சுற்றி வந்தன. அகலம், ஒடுக்கம், ஒடுக்கம், அகலம். மியான்மார்த் தேக்கில் மூன்று நூற்றாண்டுப் பருவமழை வரிசை அமைத்திருக்கிறார்கள், 2011இல் வெளியானது. உருட்டி இழைத்தபோது தூணின் வெளி வளையங்கள் போய்விட்டன. எந்த வருஷம் வெட்டியது என்பதை அது சொல்லாது. மிச்சமிருப்பதை அந்த வரிசையோடு பொருத்த, தெரிந்தவர் ஒருவர் முயன்று பார்க்கலாம். வேப்பந்துண்டை நான் மடியில் வைத்து எண்ணியது இந்த முற்றத்தில்தான், இந்தத் தூணில் சாய்ந்துதான். இந்தமுறை எதையும் எண்ணவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டேன்.

அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அவனிடம் அழுது கேட்கலாம், மனிதருக்குச் செய்த குற்றத்துக்கு அந்த மனிதரிடம்தான் போக வேண்டும் என்று சிறுவயதில் மதரஸாவில் ஹஜ்ரத் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே போனேன். மேட்டுப்பாளையத்து மாணவனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பவே தெரியும் சார்" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. ஆசாரி இறந்துவிட்டார். அவர் மகனிடம் போய், உங்க அத்தா சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பட்டினச்சேரியில் விசாரித்தேன். அந்தப் பிள்ளையின் குடும்பம் ஊரைவிட்டுப் போய் மூன்று வருஷமாகிறது என்றார்கள். எங்கே என்று சொல்வாரில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் கேட்டு அந்தத் துண்டை வாங்கி வந்துவிட்டேன். கொடிகளைப் பிடுங்கினேன். வார்னிஷைச் சுரண்டினேன். மெழுகை நெருப்புக்காட்டி எடுத்ததும் துளை தெரிந்தது. உள்ளே துருப்பிடித்த ஆணியின் முறிந்த முனை இன்னும் இருக்கிறது. 38, 44, 51 என்று எழுதிய நோட்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தக் கண்காட்சியில் குறிப்பெடுத்த மாணவர்கள் அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள். அந்தப் படத்தை எங்கேனும் ஒட்டி வைத்திருக்கும் ஆசிரியர்கள் கழற்றிவிடுங்கள்.

அம்மா, நீ இதை எங்கே படித்தாலும் சரி: அந்தக் கோடு உன் அண்ணன் போன வருஷம் இல்லை. அது ஓர் ஆணிக் கறை. உன் கேள்வி சரியான கேள்வி, பதில்தான் பொய். துண்டு என் வீட்டில் இருக்கிறது. வந்தால் துளையைக் காட்டுகிறேன்.